முப்பதாம் நாளில் சுட்ட பன்றி

அன்புள்ள அண்ணி,

இன்று காலையிலேயே தைலக் கொட்டகையில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். கீழ்ச்சரிவில் அறுத்த எலுமிச்சைப் புல்லைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அண்டாவில் அடைத்து ஆவி கட்டுகிறார்கள். எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்க அந்த வாசனைதான். மற்றவர்களுக்கு அது தலைவலித் தைலத்தின் வாசனை. எனக்கு மட்டும் நெருப்பின் மேல் பன்றி சுழலும் வாசனை. கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. சரி, எழுதித்தான் தொலைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இல்லை என்ற செய்தி வந்து நாலு நாள் ஆகிறது. எழுதியவன் உங்கள் மகன். இங்கிருந்து நீங்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை, இப்போது மூன்று பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதுகிறான். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், பதினோரு நாள் இருந்தீர்களாம், பிறகு இல்லையாம். கடிதம் இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதமும் நான் சோறு தின்று, சிரித்து, தூங்கி எழுந்திருக்கிறேன். சாவுச் செய்தி தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. உங்களுக்கு நாங்கள் செய்ததில் அது ஒரு துளிகூட ஆகாது.

பன்னிரண்டு வருஷமாக இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். விலாசம் தெரியாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். தெரியாமல் என்ன? நீங்கள் வந்த புதிதில் உங்கள் அம்மாவுக்கு எழுதிய உறைகளையெல்லாம் நான்தானே ஒட்டினேன். வெறும் கோழைத்தனம். விலாசமே இல்லாத இடத்துக்கு நீங்கள் போன பிறகு எனக்குத் தைரியம் வந்திருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் அண்ணனோடு ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய நாள் கண்ணிலேயே நிற்கிறது. ஆறு மாத வயிறு, அண்ணனுடைய கம்பளிச் சட்டை, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் நோட்டுப் புத்தகம். துபாயில் ஒரே ஓட்டலில் அண்ணனுக்குச் சமையல்கட்டில் வேலை, உங்களுக்குத் துணி தேய்க்கும் இடத்தில் வேலை. அங்கேயே கல்யாணமும் முடிந்திருந்தது. பிலிப்பைன்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரி மாதிரி ஏதோ பேசப்போகிறாள் என்று அம்மா வீட்டு வாசலில் பயந்துகொண்டு நின்றாள். நீங்கள் வாயைத் திறந்து, "நல்லாருக்கீங்களா அத்தை? ஊடு நொம்ப நல்லாருக்குதுங்க" என்றீர்கள். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு! நாலு வருஷம் அண்ணன் பேசிப் பேசிக் கொடுத்த தமிழ் அது. அவர் பத்து நாள் லீவு முடிந்து திரும்பிப் போனார். நீங்கள் எங்கள் லைன் நாய்க்குக்கூட 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டு எங்களோடு தங்கிவிட்டீர்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எழுத்துக் கிறுக்கு. சிஸ்டர்கள் பள்ளியில் சம்பளம் கட்டாமல் படித்ததால் இங்கிலீஷும் கொஞ்சம் வரும். லைனில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். "ஒடம்பு சொகமில்லீன்னு மட்டும் எழுது சாமி" என்பார்கள். நான் மழையைச் சேர்த்து, காப்பிப் பூவைச் சேர்த்து ஒன்றரைப் பக்கம் எழுதிவிடுவேன். படித்துக் காட்டினால் சொன்னவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் மட்டும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. "இவளுக்குச் சோறு எதுக்கு, பேனாவும் பேப்பரும் போட்டாப் போதும்" என்பாள் அம்மா.

நீங்களும் அதே கிறுக்கு என்று தெரிந்த அன்று நான் குதித்தேன். அந்த வருஷத்து மழை முழுவதும் ஒரே மேஜையின் இரண்டு முனையில் உட்கார்ந்து எழுதினோம். உங்கள் பாஷையில் எழுதியதை நீங்கள் உரக்கப் படிப்பீர்கள். "புரியலீன்னா பரவால்லீங்க, சத்தத்த மட்டும் கேளுங்க" என்பீர்கள். பிறகு தமிழில் சொல்வீர்கள். சொல்வதில் பாதி பன்றியைப் பற்றித்தான் இருக்கும். உங்கள் தீவில் கல்யாணமோ, கோவில் திருவிழாவோ, பிள்ளைக்கு ஞானஸ்நானமோ, முழுப் பன்றி சுடாமல் நடக்காது. மூங்கிலில் கோத்துத் தணலில் சுழற்றினால் தோல் கண்ணாடியாய் ஆகிவிடும், கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்பீர்கள். துபாயில் பன்றி கிடையாது. அதனால் நாலு வருஷம் அண்ணனுக்கு வாயாலேயே சுட்டு, வாயாலேயே பரிமாறியிருக்கிறீர்கள். பிள்ளை பிறந்தால் இந்த மலையில் ஒரு பன்றி சுடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தீர்கள்.

பையன் பிறந்தான். அப்பா ஓடிப்போய் அண்ணனுக்குத் தந்தி கொடுத்தார். ஒன்பதாம் நாள் அங்கிருந்து ஒரு தந்தி வந்தது. வாழ்த்து என்றுதான் அப்பா நினைத்தார். அவர் எஸ்டேட் ஆபீசின் தபால் பை தூக்குகிறவர். ஆபீஸ் ரைட்டர் படித்துச் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. சமையல்கட்டில் கேஸ் வெடித்ததில் அண்ணன் போய்விட்டார்.

அப்பா அந்தத் தந்தியை ஆபீஸ் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தார். சாவு எழுதிய காகிதத்தை நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். அம்மாவைக் காப்பித் தோட்டத்துக்குள் கூட்டிப்போய்த்தான் சொன்னோம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மண்ணில் கிடந்து புரண்டாள். எழுந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை உங்களைப் பற்றியது.

"பச்ச ஒடம்புக்காரி. ஒம்பது நாளுதான் ஆகுது. இப்பச் சொன்னா ஜன்னி கண்டுரும், பாலு வத்திப் போயிரும். என்ற தங்கச்சி அப்படித்தான் போனா, நாம் பாக்கலையா? நாப்பது நாள் கழியட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது."

அண்ணி, அவள் கெட்டவள் இல்லை. பெற்ற மகன் செத்த அன்று மருமகள் உயிரைக் காப்பாற்றப் பார்த்தாள். அதை மட்டும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மறுநாள் ரைட்டர் அப்பாவைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இன்னொரு தந்தி வந்திருக்குதுங்க. ஒடம்ப அனுப்பறதா, அங்கயே அடக்கம் பண்றதான்னு கேக்கறாங்க. சம்சாரம் சம்மதம் சொல்லோணுமாம்."

உடல் வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் பாக்கியத்தை அன்று அவரும் அம்மாவும் விட்டுக்கொடுத்தார்கள். அது அவர்கள் பங்கு, அவர்கள் விட்டுக்கொடுக்கலாம். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்க எங்களுக்கு என்ன உரிமை? ரைட்டர் தாளை என் பக்கம் தள்ளினார். நான்தான் எழுதினேன். அங்கேயே அடக்கம் செய்யவும். கீழே உங்கள் பெயர். நாலே சொல், கை நடுங்கவில்லை. எழுதுகிற வேலை வந்தால் எனக்குக் கை நடுங்காது.

பதினாறாம் நாள் அப்பா குப்பனூருக்கு இறங்கிப் போய், சொந்தக்காரர் வீட்டில் காரியத்தை முடித்து, மொட்டைத் தலையோடு வந்தார். பிள்ளை நல்லபடியாய்ப் பிறந்ததற்குச் சேர்வராயன் கோவிலில் நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டோம். நீங்கள் சந்தோஷப்பட்டு, பையனின் கையை எடுத்து அந்த மொட்டைத் தலையில் தடவிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா உங்கள் தலையில் பூ வைத்துவிட்டாள். நாற்பது குடும்பம் உள்ள லைனில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். துணி துவைக்கும் இடத்தில் நீங்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தர்கூட உங்களிடம் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் அன்பு இப்படிப்பட்டது, அண்ணி. கூடி நின்று ஒரு ஆளைக் குழிக்குள் இறக்கும்.

"என்னாங்க, அவருகிட்ட இருந்து லெட்டரே காணோம்?" என்று நீங்கள் கேட்க ஆரம்பித்தீர்கள். பால் கட்டிக்கொண்டது, காய்ச்சல் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். "நீதான் ஊருக்கெல்லாம் எழுதறயே. ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடு கண்ணு."

அண்ணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஓட்டலில் சீட்டு எழுதிப் பழகி, எல்லாவற்றையும் பெரிய இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதுவார். அதைப் பார்த்து எழுதுவது ஒரு வித்தையே இல்லை. உறை எங்கே என்று நீங்கள் கேட்டால், துரை வீட்டுப் பிள்ளை ஸ்டாம்ப் சேர்க்கிறான், உறையை ஆபீசிலேயே வாங்கிக்கொண்டார்கள் என்றால் தீர்ந்தது. எழுதினேன். நீங்கள் படித்தீர்கள். காய்ச்சல் இறங்கியது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை நீங்கள் எனக்கே படித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, "கேளுங்க, எப்படி எழுதியிருக்காரு பாருங்க. கொழந்த பொறந்ததும் இவருக்கு எழுத்து வந்துருச்சுங்க" என்று சிரித்தீர்கள். எனக்கு எங்கேயாவது போய் விழுந்து சாக வேண்டும்போல் இருந்தது. அதே நேரத்தில், சொல்லவே வாய் கூசுகிறது, உள்ளே குளிர்ந்தது. என் எழுத்தை ஒருவர் காத்திருந்து படித்தது அதுதான் முதல் தடவை. எந்தப் பத்திரிகையும் வேண்டாத எழுத்தை நீங்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினீர்கள்.

அதனால்தான் இரண்டாவதில் அந்தத் தப்பு நடந்தது. நாற்பதாம் நாள் ஞானஸ்நானம், அன்று பன்றி சுடலாமா, இல்லை அவர் வரும்வரை பொறுக்கலாமா என்று நீங்கள் அவருக்குக் கேட்டு எழுதியிருந்தீர்கள்; அப்பா அதைத் தபால் பையிலேயே எடுத்து என்னிடம் கொடுத்தார். அம்மா ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள், தள்ளிப்போடச் சொல்லி எழுது என்று. நான் பேனாவை எடுத்தேன். அண்ணனாக இருந்தால் என்ன எழுதுவார் என்று யோசித்தேன். காத்திராதே, சுடு, ஒன்றுவிடாமல் எனக்கு எழுது, தோல் உடைகிற சத்தத்தை எழுது என்று எழுதினேன். எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் செத்துப்போனது எனக்கே மறந்துவிட்டது. அவர் உயிரோடு எதிரே நின்று சொல்வதுபோல் வரிகள் வந்தன, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. விஷயம் தெரிந்ததும் அம்மா என் முதுகில் அறைந்தாள். "பாவி, அவன் போயி முப்பது நாளு ஆகறன்னிக்கு என்ற ஊட்டு வாசல்ல விருந்தாடி?" உங்களைத் தடுக்க யாராலும் முடியவில்லை. புருஷன் சொல்லிவிட்டார் என்று கடிதத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினீர்களே.

செம்மநத்தத்திலிருந்து மாரப்பன் பன்றியைக் கொண்டுவந்தார். வளர்ப்பதும் வெட்டுவதும் அவர் தொழில், ஆனால் முழுசாக யாரும் சுடச் சொன்னதில்லை. மாதா கோவிலில் பையன் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்ததும் நீங்கள் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வாசலுக்குக் கீழே நீளமாக ஒரு பள்ளம், இரண்டு ஓரமும் காப்பிக் கட்டைத் தணல். பன்றியின் வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல்லைச் சுருட்டிச் சுருட்டித் திணித்து, பூண்டு, வெங்காயத்தாள், உப்பு வைத்துத் தைத்தீர்கள். மேலே இளநீரைத் தவிர ஒன்றும் தடவக்கூடாது என்றீர்கள். மாரப்பனுக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்கம்மா, மஞ்சளும் மொளகாயும் போடாம பன்னியத் திங்கறதுங்களா?"

"பேசாம சுத்துங்க. தின்னுட்டு நீங்களே சொல்லுவீங்க."

அஞ்சு மணி நேரம் சுற்றினார். தோல் முதலில் வெளுத்தது, பிறகு தேன் நிறமானது, பிறகு சிவந்தது. லைன் பிள்ளைகள் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தன. தணலிலிருந்து இறக்கியதும் மாரப்பன், இத்தனை கண்ணும் பட்டுவிடும் என்று வாழை இலையை எடுத்து மூடப் போனார். நீங்கள் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தீர்கள். "மூடாதீங்க, மூடாதீங்க! மூடுனா தோலு செத்துப் போயிருமுங்க!"

வாசல் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்குத்தான். உங்களுக்கு ஏன் என்று புரியவில்லை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பசி போலிருக்கிறது என்று நினைத்துக் கத்தியை எடுத்தீர்கள்.

முதல் துண்டை வெட்டுகிறவர் வாயில் போட்டுக்கொள்ளக்கூடாது, வீட்டில் இல்லாத ஆளின் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். கழுத்துப் பக்கத்துத் தோலை உடைத்து எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தீர்கள். முப்பது நாளாக அம்மா வாயில் கவிச்சி பட்டதில்லை. ரசமும் சோறும் தின்று கிடந்தாள். வயிற்றில் புண் என்று உங்களிடம் சொல்லியிருந்தோம்.

"அத்தை, வாயத் தொறங்க. இது அவருக்கு உண்டானது. நீங்க தின்னா அவரு தின்ன மாதிரி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள்.

தோல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவ்வளவு அமைதி.

"சத்தம் கேட்டுச்சுங்களா அத்தை?"

"கேட்டுச்சு கண்ணு" என்றாள் அம்மா. "நொம்ப நல்லாருக்குது கண்ணு."

பிறகு லைன் முழுக்கச் சாப்பிட்டது. நாற்பது குடும்பமும் துக்க வீட்டில் பன்றி தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா காப்பிச் செடிகளுக்குள் போய்க் குனிந்து வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். "அத்தைக்குப் புண்ணு இன்னும் ஆறலீங்களா?" என்று ஓடிப்போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டீர்கள். யார் யாருக்கு ஆறுதல் செய்வது என்றே இல்லாமல் போய்விட்டது அன்று.

விருந்து முடிந்த மறுநாள் சொல்லிவிடுவது என்றுதான் பேச்சு. நாற்பது நாள் கழிந்துவிட்டதே. அப்பா விடிந்ததும் தபால் பையோடு நழுவிவிட்டார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. என்னைத்தான் அனுப்பினார்கள். நான் வந்தபோது நீங்கள் அண்ணனுக்குப் பதினோரு பக்கம் எழுதி முடித்திருந்தீர்கள். "போடறதுக்கு முன்னால நீங்க ஒருக்காப் படிங்க. எழுதறவங்க நீங்க" என்று நீட்டினீர்கள். பள்ளம் வெட்டியது, புல் திணித்தது, மாரப்பன் முகம் போன போக்கு, அம்மா மென்ற சத்தம், எல்லாம் இருந்தது. அப்படி ஒரு எழுத்தை நான் அதற்கு முன் படித்ததில்லை. படித்து முடித்தபோது சொல்ல வந்ததை விட்டுவிட்டு, இதற்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் எழுதியதற்கெல்லாம் அம்மா காரணம் இல்லை. "சொல்லீரலாம்டி, எனக்குப் பூ வெக்கக் கை வரல" என்று அவளே ரெண்டு தடவை அழுதாள். இன்னும் கொஞ்ச நாள், பையன் பால் மறக்கட்டும் என்று தள்ளிப்போட்டவள் நான். உங்கள் பாலுக்காக என்று சொன்னேன். பொய். உங்களை மாதிரி இன்னொரு வாசகி எனக்குக் கிடைக்கப் போவதில்லை, அதற்காக.

ஏழு மாதம் கழித்து, துபாயில் உங்களோடு வேலை பார்த்த தோழி எழுதிய கடிதம் ஒரு சிஸ்டர் கையில் கொடுத்தனுப்பி நேராக உங்களிடம் வந்தது. நீங்கள் அம்மாவிடம் போகவில்லை. என்னிடம் வந்தீர்கள். உட்காரச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, அந்தக் கடிதத்தைத் தமிழில் சொன்னீர்கள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 'இத்தனை நாள் ஆகியும் துக்கம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை, அவரை உன்னிடம் அனுப்பிவைக்க நாங்கள் எல்லோரும் காசு சேர்த்து வைத்திருந்தோம், அங்கேயே அடக்கம் செய்யச் சொல்லிவிட்டாயே, ஏன்?' என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள்.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்த கட்டை எடுத்து மேஜையில் வைத்தீர்கள். "பிரிச்சு வைங்க. அவருது ஒரு பக்கம். உங்களுது ஒரு பக்கம்."

பிரித்தேன். அந்தப் பக்கம் நாலு. இந்தப் பக்கம் ஏழு. என் கை அப்போதும் நடுங்கவில்லை, சனியன். நீங்கள் என் குவியலிலிருந்து ஒன்றை மட்டும் இழுத்தீர்கள். பன்றி சுட்ட கடிதத்துக்கு வந்த பதில் அது. மடித்து மடித்து ஓரம் பிய்ந்திருந்தது. 'எனக்கென்று பங்கு எடுத்து வைக்காதே. பையனுக்குப் பல் முளைத்ததும் அவன் வாயில் வை, எனக்கு வந்து சேரும்' என்ற வரி இருந்த கடிதம்.

"இதுவுமா?" என்றீர்கள்.

தலையை ஆட்டினேன். நீங்கள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டீர்கள். அழுத சத்தம் கேட்கவில்லை. அடித்திருக்கலாம் என்னை. அந்த மேஜையில் கிடந்த கத்திரிக்கோலால் குத்தியிருக்கலாம்.

சிஸ்டர்கள் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அம்மா உங்கள் காலில் விழப் போனாள், நீங்கள் தடுத்து அணைத்துக்கொண்டீர்கள். அப்பாவைக் கும்பிட்டீர்கள். மாரப்பனிடம்கூட ஒரு வார்த்தை சொன்னீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன், நான் எழுதிய ஏழும் இல்லை. எரித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசிவரை அவள் கறி தின்னவில்லை. நான் கதை எழுதவில்லை. லைன் பெண்கள் கடிதம் எழுதச் சொன்னால் அவர்கள் சொல்வதை மட்டும் எழுதுகிறேன். முன்ன மாதிரி இல்லையே என்கிறார்கள்.

இப்போது உங்கள் மகன் எழுதுகிறான். அப்பா எழுதிய பதினோரு கடிதமும் தன்னிடம் இருக்கிறதாம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீங்கள் படித்துக் காட்டுவீர்களாம். கையில் காசு இருந்த வருஷம் பன்றி, இல்லாத வருஷம் கடையில் வாங்கிய ஒரு துண்டுத் தோல். அதை அவன் வாயில் வைத்து, இது அப்பாவுக்குப் போய்ச் சேரும், அவரே எழுதியிருக்கிறார் என்பீர்களாம். தன் ஞானஸ்நானத்தைப் பற்றி அப்பா எழுதியதுதான் அவனுக்கு ரொம்பப் பிடிக்குமாம். தானும் எழுதுகிறானாம், பள்ளியில் பரிசு வாங்கினானாம், அப்பாவிடமிருந்து வந்ததாம் அது. அப்பாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள் அத்தை என்கிறான். நீங்கள் கடைசியில் சொன்னீர்களாம், ஏற்காட்டு அத்தையைக் கேள், அவள் எழுதுவாள் என்று.

அண்ணி, நீங்கள் என்னை என்ன செய்யச் சொன்னீர்கள்? உண்மையைச் சொல் என்றா? பன்னிரண்டு வருஷம் நான் தாங்கியதை இனி நீ தாங்கு என்றா? என்னை மன்னித்தீர்களா, இல்லை அம்மா உங்களுக்குச் செய்ததையே வேறு வழியில்லாமல் நீங்களும் பிள்ளைக்குச் செய்தீர்களா? நாலு நாளாகச் சுவரில் முட்டிக்கொள்கிறேன். சொன்னால் அவனுக்கு இருக்கும் ஒரே அப்பாவைக் கொல்கிறேன். சொல்லாவிட்டால் மறுபடியும் அண்ணன் பெயரில் எழுதுகிறேன். 'சின்னப் பையன், இப்போது வேண்டாம், இன்னும் நாலு வருஷம் போகட்டும்' என்று எனக்குள் ஒரு குரல் நேற்று ராகம் போட்டது. எங்கேயோ கேட்ட குரல். அதைக் கேட்டுப் பயந்துபோய்த்தான் அவனுக்குப் பதில் எழுதப் பேனாவை எடுத்தேன்.

உனக்கு ஒன்பது நாள் ஆனபோதே உன் அப்பா போய்விட்டார் என்று எழுதிவிட்டேன். பதினொன்றில் ஏழு என்னுடையவை என்றும், எவை எவை என்றும் எழுதிவிட்டேன். தந்தியில் உன் அம்மா பெயரைப் போட்டவள் நான் என்றும் எழுதினேன். நாலு பக்கத்தில் அவன் அப்பாவிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டேன். கடைசியில் அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுதான் இருந்தது. உங்கள் தோழியின் கடிதத்தில் முடிவில் வந்த விஷயம், நீங்கள் சொல்லச் சொல்ல நான் கேட்டது. பையன் பிறந்த தந்தி கிடைத்த அன்று அண்ணன் வேலை உடுப்போடு ஓட்டல் முழுக்க ஏறி இறங்கினாராம். வேறு இனிப்புக் கிடைக்காமல் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு, எதிரே வந்தவர்கள் வாயிலெல்லாம் ஒரு கரண்டி போட்டு, புரியாதவர்களிடமும் "பையனுங்க, பையனுங்க" என்று தமிழிலேயே சொல்லி அழுதாராம். இதை எழுதி, இது நடந்தது, இதை நான் எழுதிச் சேர்க்கவில்லை என்று கீழே எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். நான் எழுதிய மற்றவற்றைப் போலவே அதுவும் அழகாக இருக்கிறது, அண்ணி. அவன் எப்படி நம்புவான்?